கல்லூரிக்கும் கல்லாவுக்கும் நடுவே

எஸ்.பி.எம். முடிவுகள் வெளியானதும் பெட்டாலிங் ஜெயா வட்டாரத்துக் கல்லூரிகள் முகப்பில் கூடாரம் போட்டுவிடுகின்றன. பலூன், தண்ணீர் போத்தல், பளபளக்கும் கையேடு, இன்றே பதிந்தால் கட்டணக் கழிவு என்ற அறிவிப்பு என எல்லாம் இருக்கும். அங்கே வரும் நம் குடும்பங்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். மருத்துவத்துக்கு மதிப்பெண் பத்தாது. பொறியியலுக்குக் கூடுதல் கணிதம் இடிக்கிறது. சட்டத்துக்கு ஆங்கிலம் வேண்டும், காலமும் வேண்டும். “அப்போ பிஸ்னஸ் எடுத்துக்கட்டும்” என்று மாமாவோ சித்தியோ முடித்து வைப்பார்கள். எந்த வியாபாரம், என்ன வேலை என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்பதில்லை. பிள்ளையும் சொல்வதில்லை.

வணிக நிர்வாகம் இப்படித்தான் நம்மிடையே மிச்சத்துக்கு எடுக்கும் படிப்பாகிவிட்டது. படிப்பின் மேல் குற்றமில்லை. ஒரு நிறுவனம் எப்படி நிற்கிறது, ஏன் விழுகிறது என்பதைக் கற்றுக்கொள்வது எந்தச் சமூகத்துக்கும் தேவைதான். ஆனால் வேண்டா வெறுப்பாக எடுத்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, வகுப்பறையை விட்டு வெளியே வராமலே முடித்தால் அந்தப் பட்டம் யாருக்கு உதவும்? இதில் மாணவரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. குடும்பம், பல்கலைக்கழகம், நம் வியாபாரிகள் என மூன்று தரப்பும் இந்தச் சுமையில் தோள் கொடுக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. அதிலும் வியாபாரிகளின் பங்குதான் இதுவரை பேசப்படாதது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் படிப்பைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1950களில் கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க எழுந்த துணை நகரம் பெட்டாலிங் ஜெயா. மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஒரு வாசல் இந்த ஊர்ப் பக்கம்தான் திறக்கிறது. தாமன்சாரா ஜெயாவில் கே.டி.யு. கல்லூரி 1983இல் தொடங்கியது. பழைய ஈயச் சுரங்க நிலத்தின் மேல் சன்வே எழுந்தது. அங்கே 1987இல் ஒரு கல்லூரி வந்தது, பிறகு அது பல்கலைக்கழகமானது. இன்றைய பண்டார் உத்தாமா முன்பு எஃபிங்காம் தோட்டம். அங்கே இப்போது பேரங்காடியும் இருக்கிறது, நிர்வாகம் கற்பிக்கும் கல்லூரியும் இருக்கிறது. தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்பது அங்குள்ள தமிழ்ப்பள்ளி. தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் கட்டணம் கட்டி மேலாண்மை படிக்கிறார்கள் என்பதைச் சிறிய மாற்றம் என்று சொல்ல முடியாது.

இந்த வளர்ச்சி தற்செயலாக வந்ததல்ல. தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டம் 1996இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டே ஆசிய நாணய நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தது. பிள்ளைகளை லண்டனுக்கோ மெல்பர்னுக்கோ அனுப்புவது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாமல் போனது. மூன்றாண்டுகளையும் இங்கேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் வாங்கும் ஏற்பாடு 1998இல் வந்தது. மோனாஷ் தன் மலேசியக் கிளையைத் திறந்ததும் அதே ஆண்டில்தான். இந்த அலையில் வணிகத் துறை மற்றவற்றை முந்திக்கொண்டதற்குக் காரணம் எளிது. ஆய்வுக்கூடம் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம். வகுப்பறையும் விரிவுரையாளரும் இருந்தால் தொடங்கிவிடலாம். கல்லூரி நடத்துவோருக்கு அதுவே நல்ல வியாபாரம். இதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. வியாபாரம் கற்பிக்கும் இடத்தில் வியாபாரம் இருப்பது பாவமல்ல, வாங்குகிறவர் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்குகிறவர் நாம்தான். அரசுப் பல்கலைக்கழகத்தில் முழுப் படிப்பும் சில ஆயிரம் ரிங்கிட் கட்டணத்தில் முடிவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளையில் ஒரு லட்சம் ரிங்கிட்டை எளிதாகத் தாண்டிவிடும். பி.டி.பி.டி.என். கடன் 1997இல் உருவான நிதிக் கழகத்தின் வழியே கிடைக்கிறது. ஆண்டுக்கு 1 சதவீதக் கட்டணம்தான் என்பதால் அது கடன் போலவே தெரிவதில்லை. ஆனால் அது கடன். பதினெட்டு வயதில் கையெழுத்திடும் ஒருவர் அதை முப்பதுகளிலும் கட்டிக்கொண்டிருப்பார். கையெழுத்துப் போடுவதற்கு முன் குடும்பம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மலேசியத் தகுதி முகமை வைத்திருக்கும் பதிவேட்டில் அந்தப் பட்டம், அந்தக் கல்லூரியின் பெயரில், இன்னும் செல்லுபடியாகும் அங்கீகாரத்துடன் இருக்கிறதா என்று பார்ப்பது. பதிவேடு இணையத்தில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். திருமணத்துக்கு ஜாதகம் பார்க்க மூன்று ஊர் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் முன்பணம் கட்டுகிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் நாட்டில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது மாணவர் வகுப்பிலும் வெளியிலும் செலவிடும் 40 மணி நேரக் கற்றல். பெருக்கினால் 4,800 மணி நேரம். கடை திறந்து நடத்திக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தன் தொழிலைப் பற்றி இவ்வளவு நேரம் ஒதுக்கி யோசிக்க ஆயுளில் வாய்ப்பே வராது. மாணவருக்கு அது வாய்த்திருக்கிறது. அதில் எவ்வளவு நேரம் உண்மையான ஒரு கடையை, ஒரு பட்டறையை, ஒரு பேரேட்டைப் பார்த்துச் செலவாகிறது என்பதுதான் கேள்வி.

பாடத்திட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். மேலாண்மைக் கோட்பாடு, கணக்கியல், சந்தைப்படுத்தல், புள்ளியியல், மனிதவளம், வணிகச் சட்டம். ஒன்றும் குறைவில்லை. வணிகச் சட்டத்தில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வருகிறது. அது 1872இன் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது என்பது நம் மாணவர்கள் பலருக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வந்தபின் ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து நிறுவனம் தொடங்கலாம் என்பதும் பாடத்தில் உண்டு. ஆனால் தேர்வில் கேட்கப்படும் நிறுவனங்கள் ஸ்டார்பக்ஸ், ஆப்பிள், ஏர் ஏசியா. இறுதியாண்டுக் குழுப் பணியில் நெட்ஃபிளிக்ஸின் வலிமை, பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தலை நான்கு கட்டம் போட்டு எழுதுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸுக்கு அதனால் நட்டமில்லை, லாபமும் இல்லை.

கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறி ஒரு பக்கம் போனால் பிரிக்பீல்ட்ஸ். மறுபக்கம் போனால் கிள்ளான், அங்கே ஜாலான் தெங்கு கிளானா. நடுவில் பெட்டாலிங் ஜெயா பழைய நகரத்தின் மளிகைக் கடைகளும் செக்‌ஷன் 51இன் பட்டறைகளும். புடவைக் கடை, நகைக் கடை, பூக்கடை, முடிதிருத்தகம், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, லாரி வைத்துச் சரக்கு ஏற்றுகிறவர், திருமணத்துக்குப் பந்தல் போடுகிறவர். நாட்டின் நிறுவனங்களில் ஏறக்குறைய 97 சதவீதம் சிறு, நடுத்தர, குறுந்தொழில்கள்தாம். நம்மவர் நடத்துபவை அதிலும் சிறியவை. பெரும்பாலானவற்றின் கணக்கு முதலாளியின் தலைக்குள் இருக்கிறது, அல்லது கல்லாப் பெட்டிக்கு அடியில் ரப்பர் வளையம் போட்ட ரசீதுக் கட்டில் இருக்கிறது.

அந்தக் கட்டுக்கு இனி ஆயுள் குறைவு. வருமான வரி வாரியம் இ-இன்வோய்ஸ் முறையை 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகக் கீழே கொண்டுவந்துவிட்டது. மிகச் சிறியவர்களுக்கு விலக்கு உண்டென்றாலும், அவர்களிடம் வாங்கும் பெரிய நிறுவனம் ஆவணம் கேட்கும். திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்தது, மகப்பேறு விடுப்பு 98 நாளானது. குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ரிங்கிட்டாகியது. இவற்றோடு இ.பி.எஃப்., சொக்சோ சந்தா. இவை ஒவ்வொன்றும் வணிக மாணவருக்கு ஒரு பாட அத்தியாயம். வியாபாரிக்கு ஒவ்வொன்றும் ஒரு தலைவலி.

கடன் விஷயமும் இப்படியே. தெக்குன் நிறுவனத்தின் ஸ்புமி திட்டம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் நம் பெண்களுக்கென அமானா இக்தியாரின் வழியாகப் ‘பெண்’ திட்டமும் வந்திருக்கிறது. பணம் ஒதுக்கவில்லை என்று கூட்டங்களில் குரல் எழுப்புகிறோம். அந்தக் குரலுக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒதுக்கிய பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்க விற்பனைக் கணக்கும் வங்கி அறிக்கையும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதைச் செய்து கொடுக்கத் தெரிந்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் நெட்ஃபிளிக்ஸுக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த மண்ணில் தமிழர் வியாபாரம் கற்ற விதம் இப்படி இருந்ததில்லை. கோலாலம்பூரின் லெபோ அம்பாங் ஒரு காலத்தில் செட்டியார் கிட்டங்கிகளின் தெரு. செட்டிநாட்டிலிருந்து பையன்கள் கப்பலேறி வந்து பெட்டியடிப் பையனாகச் சேர்வார்கள். பாய் விரிப்பது, தண்ணீர் எடுத்துவைப்பது, கடிதம் கொண்டுபோவது என்று தொடங்கும் வேலை, பேரேடு எழுதுவதில் போய் நிற்கும். தேறியவன் அடுத்தாளாவான். அதிலும் தேறினால் ஒரு நாள் ஏஜெண்டு. ஏஜெண்டுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை. தவணை முடிவில் ஐந்தொகை போட்டு, வரவு செலவை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஐந்தொகை நேராக வராவிட்டால் அவன் பெயர் கெடும். இன்றைய இளங்கலைப் படிப்பும் மூன்றாண்டுதான்.

அந்த முறையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட நமக்கு விருப்பமில்லை. அது ஒரு சாதிக்குள் பூட்டிக்கிடந்த கல்வி. பெண்களுக்கு அதில் இடமே இல்லை. வட்டித்தொழில் பலரின் நிலத்தைத் தின்றதும் வரலாறுதான். ஆனால் கணக்கை எழுதியவன் அதன் விளைவைக் கண்ணால் பார்த்தான். தவறாகக் கொடுத்த கடன் திரும்பாமல் போனதை மூன்றாண்டுக்குள்ளேயே அனுபவித்தான். அந்த ஒன்றை மட்டும், பூட்டை உடைத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்து கொடுக்க முடியுமா என்று பார்ப்பதே இன்றைய வேலை.

பூட்டை உடைத்த முன்மாதிரியும் நம்மிடமே இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் குடியிருப்பும் இழந்தன. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு. பால்மரம் வெட்டியவர்கள் பங்குதாரர்களானார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி அவர்கள் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. அவர்களில் யாரும் வணிக நிர்வாகம் படிக்கவில்லை. பங்கு மூலதனம், ஈவுத்தொகை, நிர்வாகக் குழுத் தேர்தல், ஆண்டுக் கூட்டத்தில் கணக்குக் கேட்பது எல்லாவற்றையும் செய்து பார்த்துக் கற்றார்கள். நம் சமூகத்தின் ஆகப் பெரிய நிர்வாகப் பாடம் அதுதான். எத்தனை வணிகத் துறைகளில் அது ஒரு வகுப்பாக நடத்தப்படுகிறது என்று விரிவுரையாளர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளட்டும். நெட்ஃபிளிக்ஸை வேண்டுமானால் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

படிப்பையும் தொழிலையும் பிணைக்கும் எண்ணம் அரசின் ஆவணங்களில் இல்லாமலில்லை. 2015 முதல் 2025 வரைக்கான உயர்கல்விப் பெருந்திட்டத்தின் பத்து மாற்றங்களில் முதலாவது, தொழில்முனையும் திறன் கொண்ட பட்டதாரியை உருவாக்குவது. இரண்டாண்டு பல்கலைக்கழகத்திலும் இரண்டாண்டு தொழிலிடத்திலும் படிக்கும் ‘2யு2ஐ’ முறையும் அறிமுகமானது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 1974இலேயே நிறுவனமும் கல்லூரியும் மாறி மாறிக் கற்பிக்கும் முறை தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே மாணவரை ஏற்றவை டைம்லர், பாஷ் போன்ற ஆலைகள். நம்மிடம் இருப்பது மளிகைக் கடை. மாணவரும் பெரிய பெயர் கொண்ட வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ தொழிற்பயிற்சி கிடைத்தால்தான் மதிப்பு என்று நினைக்கிறார். அங்கே போனால் பலருக்கு வாய்ப்பது கோப்புகளை ஸ்கேன் செய்வதும் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதும்தான். சிறிய கடையில் கொள்முதல் விலை, கடன் வாடிக்கையாளர், கெட்டுப்போகும் சரக்கு, வராமல் போகும் தொழிலாளி எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படும்.

“மூணு வருஷம் படிச்சிட்டுக் கடையில நிக்கவா?” என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. கடையில் நின்று கைகால் ஓய்ந்துதான் அவர்கள் பிள்ளையைப் படிக்க அனுப்பினார்கள். நாம் கேட்பது ஆள் பற்றாக்குறைக்குப் பதிலாக மாணவரை நிறுத்துவதை அல்ல. அப்படி நிறுத்தும் கடையைப் பல்கலைக்கழகம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவருக்குக் குறிப்பிட்ட ஒரு வேலை இருக்க வேண்டும்: ஓராண்டு ரசீதுகளைக் கணக்கு மென்பொருளில் ஏற்றித் தருவது, எந்தச் சரக்கு எத்தனை நாளில் விற்றுத் தீர்கிறது என்று கணக்கிடுவது, இ-இன்வோய்ஸுக்குக் கடையைத் தயார் செய்வது, கடன் விண்ணப்பத்துக்கான ஆவணங்களைத் திரட்டுவது. முடிவில் ஓர் அறிக்கை. அதைத் துறை மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். விரிவுரையாளர் ஒருவராவது பயிற்சிக் காலத்தில் அந்தக் கடைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலில் படிவம் அனுப்பிக் கையெழுத்து வாங்குவது மேற்பார்வை ஆகாது.

வியாபாரிகளின் தயக்கம் வேறு. கணக்கை வெளியாளுக்குக் காட்டினால் வரிக்காரர் காதுக்குப் போகுமோ, போட்டிக் கடைக்குப் போகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. வெளிப்படையாகச் சொன்னால், சில கடைகளில் அந்த அச்சத்துக்குக் காரணமும் உண்டு. அதற்காக இந்தப் பேச்சையே தொடங்காமல் இருக்க முடியாது. மருத்துவ மாணவர் நோயாளியின் இரகசியம் காப்பது போல, வணிக மாணவரும் எழுத்தில் உறுதி கொடுக்கலாம். அறிக்கையில் கடையின் பெயரை மறைத்து எழுதலாம். உறுதியை மீறினால் மதிப்பெண் இல்லை என்று துறை விதி வகுக்கலாம். மொத்தக் கணக்கையும் காட்டத் தயங்குகிறவர் ஒரு பிரிவை மட்டும் திறக்கட்டும். உணவகம் என்றால் காய்கறிக் கொள்முதல், புடவைக் கடை என்றால் தேங்கிய சரக்கு. அதிலிருந்தே நிறையக் கற்கலாம்.

பணம் யார் கொடுப்பது? சம்பளமில்லாப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும். காஜாங்கிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளை பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன செய்யும்? டேலண்ட்கார்ப் வழியாக நடக்கும் முறைப்படுத்திய தொழிற்பயிற்சிக்கு நிறுவனங்களுக்கு நிபந்தனைகளுடன் இரட்டை வரிக்கழிவு இருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு அது உதவும். வரி கட்டும் அளவுக்கு லாபமே காட்டாத கடைக்காரருக்கு அதில் ஈர்ப்பில்லை. அந்த இடத்தில்தான் நம் சங்கங்கள் முன்வர வேண்டும். இந்தியர் வர்த்தக சபைகள், கோவில் நிர்வாகங்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள் ஆண்டுதோறும் கல்வி நிதி என்று விருந்து வைத்து, மேடையில் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துப் படமெடுத்துக்கொள்கின்றன. அந்தத் தொகையில் ஒரு பங்கைப் பயிற்சிப் படியாக மாற்றலாம்: பாதியைக் கடை தரட்டும், பாதியைச் சங்கம் தரட்டும். கடைக்காரர் கையிலிருந்து கொஞ்சமாவது போக வேண்டும் என்பதில் நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. இலவசமாக வந்த ஆளிடம் யாரும் உருப்படியான வேலை கேட்க மாட்டார்கள்.

மாணவருக்கும் சொல்ல ஒன்று உண்டு. தனிவணிகத்தைப் பதிவு செய்ய, சொந்தப் பெயரிலென்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரிலென்றால் 60 ரிங்கிட்தான். இரண்டாம் ஆண்டிலேயே எதையாவது விற்றுப் பாருங்கள். கையில் காசு போய் வரும்போது பணப்புழக்கப் பாடம் வேறு மாதிரிப் புரியும்.

எப்போது தொடங்குவது என்பதற்கும் நம் நாட்காட்டியிலேயே விடை உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல கடைகளின் ஆண்டு வியாபாரத்தைத் தீபாவளிக்கு முந்தைய சில வாரங்கள்தாம் தீர்மானிக்கின்றன. பயிற்சிப் பருவத்தை ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் இறுதிவரை வைத்தால் மாணவர் முழுச் சுற்றையும் பார்த்துவிடலாம். இந்தியாவுக்குப் போய்க் கொள்முதல் செய்வது, மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பது, தற்காலிக ஆட்களைச் சேர்ப்பது, நடைபாதைக் கூடாரத்துக்கு நகராண்மையிடம் உரிமம் வாங்குவது, கடைசி வாரத்தில் விலையைக் குறைக்கலாமா வேண்டாமா என்று முதலாளியும் மகனும் வாதாடுவது, பண்டிகை முடிந்தபின் விற்காமல் கிடக்கும் சரக்கை எண்ணி விலை போடுவது. பல்கலைக்கழகங்களின் பருவ அட்டவணை இதற்கு ஒத்துவராது என்று துறைகள் சொல்லக்கூடும். அட்டவணையை ஒரு வகுப்புக்காவது, ஓராண்டுக்காவது மாற்றிப் பார்க்கச் செனட்டில் கேட்கலாம். அதற்குள் சங்கங்கள் பத்துக் கடைகளின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைத்தால், துறைத் தலைவர் வெறுங்கையோடு போய்க் கேட்க வேண்டியிருக்காது.